ரெண்டாவது பிள்ளைக்குப் பால் சீக்கிரம் வந்துவிட்டது. பிட்யூட்டரிக்கு ஞாபகம் இருக்குமா?

கரூர்க்காரி, இரவு 2.10

எல்லோருக்கும் வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வைத்தியம் கேட்கிற பதிவு இல்லை. எனக்கும் சுகம், பாப்பாவுக்கும் சுகம். ஒரு கையில் பிள்ளையும் இன்னொரு கையில் போனுமாக உட்கார்ந்திருக்கிற நேரத்தில் வந்த சந்தேகம், அவ்வளவுதான்.

பெரியவன் பிறந்தபோது பால் வர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் வார்டில் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. பார்க்க வந்த அத்தனை பேரும் "பால் இருக்கா?" என்றுதான் ஆரம்பித்தார்கள், காபி போடக் கேட்கிற மாதிரி. அம்மா பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் கொடுத்தாள். மாமியார் எங்கிருந்தோ பால்சுறாக் கருவாடு வரவழைத்துக் குழம்பு வைத்தார். ஒரு நர்ஸ் அக்கா மட்டும், "சும்மா வாயில வெச்சுக்கிட்டே இரு, வரும்" என்றார். நாலாம் நாள் விடியற்காலை வந்தது.

அஞ்சு வருடம் கழித்து மகள். முன்பு போலவே சுகப்பிரசவம். ஆனால் இரண்டாம் நாள் பொழுது சாய்கிற நேரத்திலேயே மார்பு கனத்து, நைட்டி நனைந்துவிட்டது. அம்மா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "ரெண்டாவதுக்கு அப்படித்தாண்டி. வழி தெரிஞ்ச பாலு" என்றாள்.

அவளுக்கு இப்போது எட்டு மாதம். "வழி தெரிஞ்ச" என்ற அந்த வார்த்தை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. நான் பி.எஸ்சி. விலங்கியல், இப்போது பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிற ஒரு இடத்தில் மெர்ச்சண்டைசர். படித்ததில் மிச்சம் இவ்வளவுதான்: பிட்யூட்டரி என்பது மூளைக்கு அடியில் இருக்கிற ஒரு சுரப்பி. அதன் முன்பகுதி, முன் பிட்யூட்டரி, புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், அது பாலை உண்டாக்கும். பின்பகுதி, பின் பிட்யூட்டரி, ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை விடும், அது பாலை வெளியே தள்ளும். பரீட்சையில் இரண்டு மார்க். ஆனால் மண்டைக்குள் இருக்கிற செல்லுக்கு இங்கே பிள்ளை வாய் வைத்தது எப்படித் தெரிகிறது? போன தடவை நடந்ததை அது ஞாபகம் வைத்திருக்குமா?

இன்னொன்று. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதாலே எனக்குப் பால் சொட்டும். ஒருநாள் பூனை கத்தியதற்கும் வந்தது, சிரிக்காதீர்கள். ஆனால் வேலைக்குத் திரும்பிய பிறகு மதியம் பம்ப் வைத்தால் இருபது நிமிடத்துக்கு 30 மில்லிதான். தனியாக இடம் எதுவும் கொடுக்கவில்லை. குடோனில் பேல் அடுக்குக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். பூனைக்கு வருகிற பால் பம்ப்புக்கு ஏன் வரவில்லை?


திண்டுக்கல் தம்பி, காலை 6.45

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இந்தத் தடவை உங்கள் மாமியார் கருவாட்டை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பார்.


கரூர்க்காரி, காலை 7.20

இந்தத் தடவை கருவாடு வரவே இல்லை. பால்தான் வந்தது.


பாளை அக்கா, மாலை 5.30

கரூர்க்காரி தங்கச்சி, பத்தொன்பது வருடமாக நர்சிங் பிள்ளைகளுக்கு உடலியங்கியல் எடுக்கிறேன். பூனைக்கு ஏன் பால் வருகிறது என்று இதுவரை ஒருத்தியும் கேட்டதில்லை. பதில் நீளமாகப் போகும், பாப்பா குடித்து முடிக்கிற வரைக்கும் படி.

முதலில் அந்த இரண்டு மார்க் விடையை ஒதுக்கி வை. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பிட்யூட்டரி ஏதோ மணி அடித்தால் எழுந்து ஓடுகிற பியூன் மாதிரி ஒரு எண்ணம் அதில் வந்துவிடுகிறது. புரோலாக்டின் செல் அந்த ரகம் இல்லை.

சுரப்பி மொத்தமே அரை கிராம், கொண்டைக்கடலை அளவு. மூக்கின் வேருக்கு நேர் பின்னால், மண்டையோட்டின் அடியில், குதிரைச் சேணம் போல ஒரு எலும்புக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேலே மூளையின் ஒரு பகுதி, ஹைப்போதலாமஸ். நடுவில் ஒரு மெல்லிய காம்பு. முன்பகுதிக்கு மூளையிலிருந்து நரம்பு நேராக வருவதில்லை. அந்தக் காம்பு வழியாக இறங்குகிற சின்னஞ்சிறு ரத்தக் குழாய்கள்தான் தபால். மற்ற செல்களுக்கு அந்தத் தபாலில் பெரும்பாலும் "சுர" என்று வரும். புரோலாக்டின் செல்லுக்கு மட்டும் நாள் முழுக்க "சுரக்காதே" என்றே வந்துகொண்டிருக்கும். அதுதான் டோபமைன்.

தும்பில் கட்டின கன்றைப் பார்த்திருப்பாய். தாயிடம் போ என்று அதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, எந்நேரமும் இழுத்துக்கொண்டேதான் நிற்கும். கயிற்றைத் தளர்த்தினால் போதும். புரோலாக்டின் செல்லும் அப்படித்தான். தானாகவே மின்துடிப்பு எழுப்பும். துடிக்கும்போதெல்லாம் கால்சியம் உள்ளே வரும். கால்சியம் வந்தால் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைத்த புரோலாக்டின் வெளியே போகும். டோபமைன் வந்து ஒட்டினால் பொட்டாசியம் வாசல் திறந்து, செல் அடங்கி, கால்சியம் வாசல் மூடிக்கொள்ளும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது வகுப்பில் நான் விடாமல் சொல்கிற கதை. 1954இல் ஜான் எவரெட் என்ற அமெரிக்கர் எலியின் பிட்யூட்டரியைப் பெயர்த்து எடுத்து, அதே எலியின் சிறுநீரக உறைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். மூளைக்கும் அதற்கும் இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மற்ற ஹார்மோன்கள் சரிந்துவிட்டன. புரோலாக்டின் மட்டும் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. கயிறு அறுந்த கன்று.

இப்போது உன் முதல் கேள்வி. பிள்ளை வாய் வைத்ததும் முலைக்காம்பின் நரம்புகள் தண்டுவடம் வழியாக மூளைத்தண்டுக்கும், அங்கிருந்து ஹைப்போதலாமஸுக்கும் சேதி சொல்கின்றன. டோபமைன் விடுகிற நரம்புகள் பிடியைத் தளர்த்துகின்றன. புரோலாக்டின் ஏறி, அரை மணி முக்கால் மணியில் உச்சத்துக்குப் போகிறது. அந்நேரம் பாப்பா குடித்து முடித்துத் தூங்கியே போயிருக்கும். உன் தொழில் பாஷையில் சொன்னால், அவள் குடிப்பது கையிலிருக்கிற ஸ்டாக், புரோலாக்டின் அடுத்த லாட்டுக்கு ஆர்டர். ராத்திரியில் இந்த ஆர்டர் பெரிதாக விழும். ராத்திரிப் பாலை நிறுத்தாதே என்று நாங்கள் நச்சரிப்பது அதனால்தான்.

சாதாரண நாளில் இதற்கு ஒரு கடிவாளம் உண்டு. புரோலாக்டின் கூடினால் அதுவே மேலே போய் டோபமைன் நரம்புகளை உசுப்பிவிடும், அவை கயிற்றை இறுக்கும். பால் கொடுக்கிற நாட்களில் அது எப்படிச் சும்மா இருக்கிறது? சுண்டெலியில் பார்த்திருக்கிறார்கள். அந்த நரம்புகள் புரோலாக்டினைக் கேட்டுத் துடிக்கத்தான் செய்கின்றன, ஆனால் டோபமைன் விடுவதைக் குறைத்துக்கொள்கின்றன. காது கேட்கிறது, கை மட்டும் அசைவதில்லை. புகுந்த வீட்டில் இந்த வித்தையைக் கற்றவர்கள் நிறையப் பேர்.

கர்ப்பத்தைச் சொல்லாமல் விட்டால் உன் நாலு நாளும் இரண்டு நாளும் புரியாது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இந்தப் புரோலாக்டின் செல்களைப் பெருக வைக்கும். முன் பிட்யூட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தவை நிறைமாதத்தில் பாதி வரை வந்துவிடும், சுரப்பியே மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பருக்கும். மில்லிக்கு 25 நானோகிராமுக்குள் இருந்த புரோலாக்டின், பிரசவ சமயத்தில் 200 வாக்கில் நிற்கும். அவ்வளவு இருந்தும் பால் பெருகாததற்குக் காரணம் நஞ்சுக்கொடி விடுகிற புரோஜெஸ்டிரோன். அது மார்பில் குறுக்கே நிற்கிறது. நஞ்சு விழுந்து, அந்தப் புரோஜெஸ்டிரோன் ரத்தத்தில் வடிந்த பிறகுதான் பால் பெருகும். முதல் பிள்ளைக்காரிக்கு அதில் ஒரு நாள் முன்னே பின்னே ஆவது சகஜம். வார்டில் வந்து விசாரித்தவர்களுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

சரி, ஞாபகம். 2012இல் டேவிட் ஹாட்சன், பத்ரீஸ் மொலார் முதலானவர்கள் பிரான்சில் ஒன்று செய்து பார்த்தார்கள். சுண்டெலியின் பிட்யூட்டரியை மெல்லிய சீவலாக நறுக்கி, கால்சியம் ஏறினால் ஒளிர்கிற சாயத்தை ஊட்டி, நுண்ணோக்கியில் பார்த்தார்கள். குட்டி போடாத எலியில் செல்கள் ஆளுக்கொரு நேரத்தில் மினுக்கின. பால் கொடுக்கிற எலியில் பல செல்கள் சேர்ந்து மினுக்கின. குட்டிகள் பால் மறந்த பிறகும் அந்தக் கூட்டு கலையவில்லை. அடுத்த ஈற்றில் அந்தச் சுரப்பி முன்னைவிட நன்றாக வேலை செய்தது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன விஷயம்: குட்டிகளைக் குறைத்துச் சில வாய்களை மட்டும் விட்டுவைத்தபோது இந்த ஞாபகம் தங்கவில்லை. நிறைய வாய்கள் இழுத்தால்தான் பதிகிறது.

அதற்காக உன் பிட்யூட்டரி ஞாபகம் வைத்திருந்தது என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். மனுஷியின் சுரப்பியைச் சீவிப் பார்க்க முடியாது. போதாததற்கு, பிள்ளை பெற்றவர்களிடம் சாதாரண நாட்களின் புரோலாக்டின் முன்பைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம், மார்புக்கும் ஞாபகம் உண்டு. 2015இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் பார்த்தது, அதுவும் சுண்டெலியில்தான்: முதல் கர்ப்பத்தில் பால் சுரப்பிச் செல்களின் டி.என்.ஏ. மேல் இருக்கும் குறிகள் மாறி, மாறினது மாறினபடியே தங்குகின்றன. அடுத்த தடவை பாலுக்கான மரபணுக்கள் சட்டென்று விழித்துக்கொள்கின்றன. மனிதர்களில் என்றால், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 22 தாய்மாரை இரண்டு பிரசவத்திலும் அளந்து 2001இல் எழுதினார்கள். இரண்டாவது பிள்ளைக்கு முதல் வாரத்தில் 31 சதவீதம் கூடுதல் பால். முதல் தடவை குறைவாக இருந்தவர்களுக்கே கூடுதல் அதிகம். ஆகவே உன் அம்மா சொன்னது சரிதான். வழி தெரிந்தது தலைக்கா மார்புக்கா என்று கேட்டால் என் ஓட்டு மார்புக்கு, தலைக்குக் கொஞ்சம்.

இனி பூனை. பின் பிட்யூட்டரி வேறு சமாச்சாரம். ஹைப்போதலாமஸின் நரம்புகளே காம்பு வழியாக நீண்டு வந்து அங்கே முடிகின்றன. ஆக்ஸிடோசின் மேலே தயாராகி, நரம்பு நுனியில் வந்து காத்திருக்கும். மூளையின் மற்ற பகுதிகளிலிருந்து வருகிற சேதியெல்லாம் அந்த நரம்புகளை எட்டும்: காதில் விழுவது, கண்ணில் படுவது, நினைப்பது, பயப்படுவது. 1983இல் பிரிட்டனில் பத்துத் தாய்மாரின் ரத்தத்தை விட்டு விட்டு எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளை அழுதபோதும், பால் கொடுக்க உட்கார்ந்தபோதும், வாய் வைக்கும் முன்பே பலருக்கு ஆக்ஸிடோசின் ஏறிவிட்டது. புரோலாக்டின் வாய் வைத்த பிறகுதான் அசைந்தது. உன் பூனை பின்பக்கத்தை ஏமாற்றிவிட்டது. முன்பக்கம் அப்படி ஏமாறாது.

பின்பக்கத்தில் பிட்யூசைட் என்று துணைச் செல்கள் உண்டு. நரம்பு நுனிகளைக் கட்டிக்கொண்டு, ரத்தக் குழாய்க்கும் நுனிக்கும் நடுவில் நிற்கும். எலி பால் கொடுக்கிற நாட்களில் இவை கையை எடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன, நுனிகள் நேராகக் குழாயை ஒட்டிக்கொள்கின்றன. குட்டிகள் பால் மறந்ததும் திரும்பவும் வந்து கட்டிக்கொள்ளும். படத்தில் பார்த்தபோது எனக்குப் பிரசவ அறை வாசலில் நிற்கிற சொந்தக்காரர்கள் ஞாபகம் வந்தது, வேண்டிய நேரத்தில் நகர்ந்துகொள்கிற நல்ல சொந்தக்காரர்கள்.

பம்ப்புக்கு வருகிறேன். 1948இல் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் தம்பதி எழுதிய ஒரு பரிசோதனை இருக்கிறது. பால் கொடுக்கிற தாயின் காலை ஐஸ் தண்ணீரில் வைத்தார்கள், கால் விரலைப் பிடித்து வலிக்க இழுத்தார்கள், மனக்கணக்குப் போடச் சொல்லித் துரத்தினார்கள். பிள்ளைக்குக் கிடைத்த பால் நன்றாகக் குறைந்தது. அதே தொல்லைகளுக்கு நடுவில் ஆக்ஸிடோசின் ஊசி போட்டபோது பெரும்பகுதி வந்துவிட்டது. பால் உள்ளேயேதான் இருந்திருக்கிறது. உன் பிளாஸ்டிக் ஸ்டூல்தான் தங்கச்சி அந்த ஐஸ் தண்ணீர்.


காங்கேயத்துப் பால்காரன், இரவு 8.05

அம்மணி, நான் பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் அந்த அக்கா சொன்னதில் பாதி எங்கள் கட்டுத்தறியில் நடக்கிறதுதான்.

எங்களிடம் ஜெர்ஸி கலப்பு நாலு, நாட்டு மாடு இரண்டு. கலப்பு மாட்டுக்கு யார் கை வைத்தாலும் சரி. காங்கேயம் மாடு கன்று முட்டாமல் ஒரு சொட்டு விடாது. மடியைக் கழுவித் துடைத்து, காம்பை நீவிவிட்டு ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். தளர்ந்து கிடந்த காம்பு விரலுக்கடியில் தடித்து விறைப்பது தெரியும். அதற்குப் பிறகு ஆறேழு நிமிடம்தான் கணக்கு, அதற்குள் கறந்துவிட வேண்டும். நடுவில் போன் வந்தது என்று எழுந்து போனால் மிச்சம் மடியிலேயே நின்றுபோகும். தீபாவளிக்கு முன்னால் ஒரு வாரம் வெடிச் சத்தத்துக்கே பாலை அடக்கிக்கொள்ளும், சொசைட்டியில் அளந்தால் தெரியும்.

என் தாத்தா காலத்தில் கன்று செத்துவிட்டால் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, நாலு குச்சியைக் காலாக நட்டு மாட்டின் முன்னால் நிறுத்துவார்கள். நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கண் இல்லை, தலை ஒரு பக்கம் கோணல். மாடு அதை நக்கிக்கொண்டே பால் விடும். நக்க நக்க அந்தத் தோலில் ஒரு பக்கம் முடி உதிர்ந்து வழுக்கையாகிவிட்டது. அதைப் பார்க்கத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

சில இடத்தில் ஊசி போட்டுக் கறக்கிறார்களே, அது இந்த ஆக்ஸிடோசின்தானா?


பாளை அக்கா, இரவு 9.15

அதேதான் அண்ணே. வைத்திய அவசரத்துக்குக் கால்நடை டாக்டர் போடுவது வேறு, தினமும் கறவைக்குப் போடுவது வேறு. பால் கூடக் கறக்க உடம்புக்குக் கெடுதலான ஊசி போடுவதை 1960ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு தடுக்கிறது.

உங்கள் தீபாவளி வெடியை அமெரிக்காவில் செய்தே பார்த்திருக்கிறார்கள். 1941இல் ஈலி, பீட்டர்சன் என்ற இருவர் கறவை நேரத்தில் காகிதப் பையை ஊதி ஊதி வெடித்தார்கள், மாட்டின் முதுகில் பூனையை ஏற்றி விட்டார்கள். பால் இறங்கவில்லை. கரூரில் பூனை பாலை வரவழைக்கிறது, அங்கே பூனை பாலை நிறுத்தியிருக்கிறது.


வைகைக்கரை, இரவு 10.40

இதை இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. என் தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. பிழைத்ததே பெரிது என்றார்கள். பால் ஒரு சொட்டும் வரவில்லை. தம்பி புட்டிப்பாலில்தான் வளர்ந்தான். அதற்குப் பிறகு அம்மாவுக்கு மாதவிலக்கு திரும்பவே இல்லை. சித்திரை வெயிலிலும் போர்வை கேட்பாள். நாலு பாத்திரம் கழுவினால் உட்கார்ந்துவிடுவாள். சோம்பேறி என்று அப்பா வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

பதினெட்டு வருடம் கழித்து ஒரு காய்ச்சலில் நினைவு தப்பி விழுந்தாள். சேர்த்த இடத்தில் சின்ன வயது டாக்டர் ஒருவர் எல்லாப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "கடைசிப் பிரசவத்துல அம்மாவுக்குப் பால் வந்துச்சா?" எனக்கு விளங்கவில்லை. காய்ச்சலுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். இப்போது தினமும் மாத்திரை, நன்றாக இருக்கிறாள். இந்த வருடம் மூன்று கல்யாணத்துக்கு அவளே பஸ் ஏறிப் போய் வந்தாள்.


பாளை அக்கா, இரவு 11.25

எழுதினதற்கு நன்றிம்மா. அந்த டாக்டர் கேட்டதுதான் கேள்வி. ஷீஹன் நோய் என்பார்கள். லிவர்பூலில் நோய்க்கூறு மருத்துவராக இருந்த ஹரால்டு ஷீஹன் 1937இல் விவரித்தது. கர்ப்பத்தில் பிட்யூட்டரி பருத்துவிடுகிறது என்று மேலே சொன்னேன் இல்லையா, ஆனால் முன்பகுதிக்கு ரத்தம் வருவது காம்பு வழியாக இறங்குகிற, அழுத்தம் குறைந்த குழாய்களில். பிரசவத்தில் ரத்தம் கொட்டி அழுத்தம் விழுந்தால் பருத்த சுரப்பிக்கு அது போதாது, செல்கள் செத்துப்போகும். புரோலாக்டின் செல் போனது முதலில் தெரிந்துவிடும், பால் வராது. மாதவிலக்கு நிற்பது, தைராய்டு, கார்டிசால் ஹார்மோன்கள் குறைவது எல்லாம் பின்னால் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். நிறைய ரத்தம் போன பிரசவம், பால் அறவே இல்லை, மாதவிலக்கும் திரும்பவில்லை: இந்த மூன்றும் சேர்ந்த அம்மாவோ அத்தையோ உங்கள் யார் வீட்டில் இருந்தாலும் நாளைக்கே நாளமில்லாச் சுரப்பி டாக்டரிடம் காட்டுங்கள்.


நாமக்கல் மெடிக்கல், மறுநாள் காலை 9.30

கடையில் வாரத்துக்கு இரண்டு பேராவது சீட்டு இல்லாமல் வந்து பால் ஊறுவதற்கு டோம்பெரிடோன் கேட்கிறார்கள். வாந்தி மாத்திரை பாலுக்கு எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு இப்போதுதான் பிடிபட்டது. டோபமைனை ஒட்டவிடாமல் தடுக்கிறது, அப்படித்தானே அக்கா?


பாளை அக்கா, மதியம் 1.50

அப்படித்தான். கயிற்றை அறுக்கிற மாத்திரை. ஆனால் இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கக்கூடியது, சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். கயிற்றை இறுக்குகிற மாத்திரையும் உண்டு, கேபர்கோலின், புரோமோகிரிப்டின். பாலை நிறுத்த வேண்டியவர்களுக்கு.

நிறுத்த வேண்டியவர்கள் என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை தவறிப்போனாலும் பால் வந்துவிடும். அந்தச் செல்களுக்கு நஞ்சு விழுந்தது மட்டும்தான் தெரியும். நான் படிக்கிற காலத்தில் அப்படிப்பட்ட தாய்மாருக்கு மல்லிகைச் சரத்தை மார்பில் சுற்றி ஒட்டிவிடுவோம், வாட வாட மாற்றுவோம். இது பாட்டி வைத்தியம் என்று நினைத்திருந்தேன். 1988இல் வந்த ஒரு ஆய்வில் மல்லிகையையும் புரோமோகிரிப்டினையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். இரண்டிலும் ரத்தத்தில் புரோலாக்டின் இறங்கியது, மாத்திரையில் கூடுதலாக. ஆனால் பால் வற்றுவதிலும் மார்பு கட்டுவது குறைவதிலும் இரண்டும் ஒன்றுதான். மாத்திரை சாப்பிட்டவர்களில் சிலருக்குப் பால் திரும்பவும் வந்ததாம், பூ வைத்தவர்களுக்கு அப்படி இல்லை. வாசனையா, தோலில் படுகிற குளிர்ச்சியா, எது மேலே போய்ச் சொல்கிறது என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வார்டில் அந்த மூலைக் கட்டிலைச் சுற்றி மட்டும் மல்லிகை மணக்கும். இன்றைக்கும் கல்யாண வீட்டில் யாராவது நிறையப் பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம்.


கரூர்க்காரி, நாலு நாள் கழித்து, இரவு 1.35

எல்லோருக்கும் நன்றி. பாளை அக்கா பதிலை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அதைத்தான நானும் சொன்னேன்" என்றாள். வைகைக்கரை எழுதினதைப் படிக்கும்போது மட்டும் பேசவில்லை. எங்கள் ஒன்றுவிட்ட பெரியம்மா ஒருத்தரைப் பற்றிக் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறோம்.

பம்ப் விஷயத்தில் ஒரு பரிசோதனை செய்தேன். வைக்கோல் கன்று மாதிரிதான். பாப்பாவின் அழுக்குச் சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அவள் அழுகிற வீடியோவைப் போனில் ஓடவிட்டேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் 30 மில்லி 70 ஆனது, அதுவும் பத்து நிமிடத்தில்.

புதன்கிழமை வாட்ச்மேன் அண்ணன் குடோனைப் பூட்ட வந்திருக்கிறார். பேல் அடுக்குக்குப் பின்னால் குழந்தை அழுகிற சத்தம். யாரோ பச்சைப்பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று பதறிப்போய்க் கதவை இரண்டு கையாலும் தட்ட, நான் "வராதீங்க, வராதீங்க" என்று கத்த, வந்துகொண்டிருந்த பால் அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு 15 மில்லி.